சோழிகள் சொன்ன கிரகணம்

1825ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி இரவுக்குரிய சந்திர கிரகணத்தை, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஏட்டையோ காகிதத்தையோ நாடாமல், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாயிருந்த சில சொற்களையே வாய்பாடாகக் கொண்டும் கணித்துக் காட்டினார். அதை அருகிருந்து கவனித்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர். நம் நாட்டுக் கால அளவைகளைப் பற்றி 'கால சங்கலித' என்னும் பெரிய நூலை அதே 1825இல் வெளியிட்டவர். கிரகணம் பிடிக்கும் ஸ்பரிச காலத்தில் 4 நிமிஷமும், மத்திய காலத்தில் 23 நிமிஷமும், விடும் மோட்ச காலத்தில் 52 நிமிஷமும் பிழை நேர்ந்தது. சாஸ்திரத்தின் தத்துவம் அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது என்றும், ஆனால் ஞாபக சக்தி அபாரமானது என்றும் வாரன் எழுதினார்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மற்றொருவர் இதே ஊரில் இதே வித்தையைக் கண்டு வியந்திருக்கிறார். சூரியனைச் சுக்கிரன் கடக்கும் அபூர்வக் காட்சியைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்டு, 1761இல் கப்பலிலேயே அகப்பட்டுக்கொண்டு, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அதையும் இழந்த லெ ஜாந்தியே அவர். 1765ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதிச் சந்திர கிரகணம் நீடித்த கால அளவைத் தமிழ்க் கணிதம் 41 விநாடி குறைவாகச் சொன்னதையும், ஐரோப்பாவில் அக்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைகள் 68 விநாடி அதிகமாகச் சொன்னதையும் அவர் பதிவு செய்தார். ஒரே கிரகணத்தை வைத்து இரண்டு முறைகளுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் துறைகண்ட வான நூலார் ஒருவரை அது திகைக்க வைத்ததென்பது உண்மை.

பஞ்சாங்கக்காரர் வாய்பாடாகக் கொண்ட அந்தச் சொற்கள் யாவை? அவையே வாக்கியங்கள். வரருசி இயற்றியவை என்று மரபு கூறும் சந்திர வாக்கியங்கள் 248. க, ட, ப, ய நான்கும் ஒன்றைக் குறிக்க, மற்ற மெய்களும் இவ்வாறே எண்களை ஏற்கும் கடபயாதி முறையில் அமைந்த சிறுசிறு சம்ஸ்கிருதத் தொடர்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்வது. 248 என்ற கணக்கு ஏன்? சந்திரன் பூமிக்கு மிக விலகிய நிலையிலிருந்து புறப்பட்டு மறுபடி அந்நிலையை அடைய ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அத்தகைய சுற்று ஒன்பது முடிந்தால் 248 நாள், 110 முடிந்தால் 3,031 நாள், 449 முடிந்தால் 12,372 நாள். கழிந்த நாட்களை இப்பேரெண்களால், பெரியதில் தொடங்கி, முறையே வகுத்து, எஞ்சியதற்குரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து, முடிந்த வட்டங்களுக்குரிய நகர்வையும் அதனோடு கூட்டினால், அன்றைய சந்திரன் அகப்பட்டுவிடும்.

இனித்தான் ஆச்சரியம் தொடங்குகிறது. இந்த 248ஐயும் 3,031ஐயும் ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகையில் கூறுகிறார். எகிப்தில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றிலும் அவ்விரண்டும் இருக்கின்றன. அதற்கும் முன்னே, கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளின் பாபிலோனியக் களிமண் பலகைகளில் 248 நாள் வட்டம் இருக்கிறது. கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் தொடர்பை உலகின் முன் வைத்தது.

சந்திரன் எல்லோருக்கும் பொதுவாகையால் பொறுமையுள்ளவன் எங்கிருந்து எண்ணினாலும் 248ஐ அடையலாம் என்று வாதிப்போர் உண்டு. எனக்கு அந்த வாதம் போதவில்லை. ஓர் எண் தற்செயலாகப் பொருந்தலாம். இரண்டும் சேர்ந்து, ஒரே வேலைக்காக, ஒரே வகையில் பொருந்துவது கடல் வாணிபத்தின் வழியே அறிவும் பயணம் செய்தது என்பதையே காட்டுகிறது. ஆனால் களிமண்ணில் பதித்ததை எவரும் பிறகு படிக்கலாம். இங்கோ அவ்வெண்கள் நாவிலேயே குடியேறி, தகப்பன் சொல்ல மகன் கேட்டு, அரசுகள் பல மாறியும் அழியாதிருந்தன. இதன் வழியும் காலமும்தான் இன்னும் விடுபடாத புதிர்.

இந்த வாக்கிய முறையை விளக்கிக் காஞ்சிப் பகுதியில் சுமார் 1300இல் தோன்றிய வாக்கியகரணம் என்னும் நூலை, குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளியிட்டார்கள். இம்முறையில் கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி அதன்படியே கொண்டாடப்படுகிறது. ஆனால் வாக்கியங்களை மனத்தில் வைத்துச் சோழியில் கணிக்கும் கை அரிதாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பஞ்சாங்கக் குடும்பத்தில் அந்தப் பாடம் தெரிந்த பெரியவர் ஒருவரேனும் இருப்பாராயின், அவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை ஒன்று விடாமல் எழுதி வையுங்கள்.