பத்தில் ஒன்று படுத்தும் பாடு

0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் எவ்வளவு? 0.3 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 0.30000000000000004 என்று விடை வரும்! நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடும் கணிப்பொறிக்கு இச்சிறு கூட்டல் தெரியாதா?

குறை கூட்டலில் இல்லை. எண்ணை எழுதும் முறையில் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீளும். எங்கேனும் நிறுத்தினால் சிறிது விடுபட்டுப் போகும். 0.333 ஐ மூன்றால் பெருக்கினால் 0.999 தானே வருகிறது?

கணிப்பொறி 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எண்களை எழுதுகிறது. இந்த இரும முறையில் அரை, கால், அரைக்கால் ஆகியவை மீதியின்றி முடியும். பத்தில் ஒன்றோ 0.000110011... என முடிவின்றி நீளும். 10 இன் காரணிகளில் ஒன்று 5. இரண்டின் அடுக்கு எதுவும் 5 ஆல் வகுபடாது என்பதே காரணம். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் ஒவ்வொன்றுக்கும் 64 பிட்டுகள் இடம் உண்டு. அதில் 53 இரும இலக்கங்கள் வரைதான் துல்லியம் கிடைக்கும். எஞ்சியவை தோராயமாக்கப்படும்.

இத்துளிப் பிழையால் என்ன நேர்ந்துவிடும் என்கிறீர்களா? 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று விழுந்து 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பின் கணிப்பொறி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. அதில் பத்தில் ஒன்றுக்குக் கிடைத்த இடம் 24 பிட்டுகளே. சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில், பிழை சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 0.34 நொடி ஆயிற்று. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்! அமைப்பு தவறான இடத்தில் அதைத் தேடியது. அங்கே இருந்தது வேறு நிரல். பிழையின் வேர் ஒன்றே.

ஆகவே நிரல் எழுதும் மாணவர்களே, பணக் கணக்கை ரூபாயின் பின்னமாக வைக்காமல் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். 10 பைசாவும் 20 பைசாவும் சேர்ந்தால் சரியாக 30 பைசாதான். ஜாவாஸ்கிரிப்டில் முழு எண்கள் 9007199254740991 வரை பிசகுவதில்லை. இரு பின்னங்கள் சமமா என்று சோதிக்க நேர்ந்தால், அவற்றின் வேறுபாடு மிகச் சிறியதா என்று கேளுங்கள்.

இனி 0.5 + 0.25 என்று கொடுத்துப் பாருங்கள். 0.75 என்று பிழையின்றி விடை வரும். ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்!