ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளின் தரவுப் பரிமாற்றம்

கீழவைப்பார்க் கரையில் நின்று நோக்குவார்க்கு அலைகளே கண்ணிற்படும். அவ்வலைகளுக்கு அடியில் 'பார்' எனப்படும் முத்துப்படுகைகள் கிடப்பதைக் கடலோர மக்கள் நன்கறிவர். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்த கடல் இது. குளிப்புக்கு முன் பார்களைச் சோதிப்பதும், மாதிரிச் சிப்பிகளை எடுத்து எண்ணி, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் குறிப்பதும் மரபு. அக்கணக்குப் பிழைபடின் முதிராத சிப்பிகள் வீணே அழியும். ஆகவே, எண்ணைப் பிழையின்றிக் கொண்டுசேர்த்தல் இக்கரைக்குப் பழகிய கடமையேயாகும்.

1955 முதல் 1961 வரை நடைபெற்ற தொடர் முத்துக்குளிப்புக்குப் பின், நாட்டம் முத்து வளர்ப்பின்பால் திரும்பிற்று. 1973இல் இதே கரையிலுள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் தூத்துக்குடிக் கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தனர்.

குஞ்சு பொரிக்கும் கூடமொன்றை எடுத்துக்கொள்வோம். நீரின் வெப்பம் ஒரு கணிப்பொறியிலும், உப்புத்தன்மை மற்றொன்றிலும், உணவாகும் நுண்பாசியின் எண்ணிக்கை வேறொன்றிலும் பதிவாகின்றன எனக் கொள்வோம். இவற்றைக் கையால் பெயர்த்தெழுதின் 28.6 என்பது 26.8 ஆகலாம். இரவில் நீர் சூடேறிய செய்தி காலையில் கிடைப்பின் யாது பயன்?

வேப்பலோடையில் முத்து விளைந்த அதே 1973இல், அமெரிக்காவில் சீராக்ஸ் நிறுவன ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 'ஈதர்நெட்' எனும் இணைப்பு முறையை வகுத்தார். ஒரே கட்டடத்துக் கணிப்பொறிகளைக் கம்பியால் பிணைக்கும் உள்வலைப்பின்னல் அதனால் எளிதாயிற்று. எனினும், கம்பி வழியை மட்டுமே தரும். ஒழுங்கை நாமே வகுத்தல் வேண்டும்.

அவ்வொழுங்கு வருமாறு: கருவி தரும் அளவைக் கணிப்பொறி ஒரு கோப்பாக எழுதும். குறித்த இடைவெளிதோறும் ஒரு நிரல் புதிய கோப்புகளைத் தேடிப் பொதுக் கணிப்பொறிக்கு அனுப்பும். முழுமையாக வந்துசேரும்வரை கோப்புக்குத் தற்காலிகப் பெயரே இருத்தல் வேண்டும். இன்றேல், பாதிக் கோப்பை முழுமையென மயங்கி மற்றொரு நிரல் எடுத்துக்கொள்ளும். அனுப்பும் கணிப்பொறி கோப்பினின்று ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து உடன் அனுப்பும். பெறுவதும் அவ்வாறே கணித்து ஒப்பிடும். ஒத்துவரின் 'பெற்றேன்' என விடை செல்லும். இல்லையேல் மீண்டும் அனுப்பப்படும். எல்லாக் கணிப்பொறிகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுதல் இன்றியமையாதது. மூலக்கோப்பை ஒருபோதும் அழித்தலாகாது.

இத்தனையும் செய்தபின்னும் ஓர் இடர் எஞ்சும். 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த அமெரிக்க விண்கலமொன்று அழிந்தது. ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தர, மற்றொன்று அதனை நியூட்டன் அலகென்று கொண்டதே காரணம். எண் சிதையாமல் சென்றது, பொருளே சிதைந்தது. எனவே ஒவ்வோர் எண்ணோடும் அதன் அலகு, அளந்த நேரம், கருவியின் பெயர் ஆகியவை சேர்ந்தே பயணம் செய்தல் வேண்டும்.

பிழையான அளவையும் இயந்திரம் பிழையறக் கொண்டுசேர்க்கும். சுமக்கும் வேலையை அதனிடம் விடலாம். ஐயுற்று நோக்கும் கடமையை விடலாகாது. பாரிலிருந்து வந்த சிப்பியைத் திறந்து பார்த்த பின்னரே முத்தென்று உரைத்தனர் நம் முன்னோர். ஆய்வுக்கூடம் புகும் மாணவச் செல்வங்களும் எண்ணை அவ்வாறே ஏற்பார்களாக.