களிமண் திடலும் பயிற்றுநர் மாற்றமும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத இறுதியில் அமெரிக்காவின் மயாமி நகரில் நடைபெறும் டென்னிஸ் போட்டி முடிந்ததும், முன்னணி விளையாட்டாளர்கள் ஐரோப்பாவுக்குப் புறப்படுகின்றனர். அதுவரை கடினத் தரையில் ஆடியவர்கள் இனிக் களிமண் திடலில் ஆட வேண்டும். மான்டி கார்லோ, பார்சலோனா, மட்ரிட், ரோம் எனத் தொடரும் இப்பருவம், பாரிசில் நடைபெறும் பிரெஞ்சுப் பொதுவிருதுப் போட்டியில் உச்சத்தை அடைகிறது. இந்தக் காலக்கட்டத்தில் விளையாட்டுச் செய்திகளில் வேறொரு தகவலும் அடிக்கடி இடம்பெறும்: யாரேனும் ஒருவர் தம் பயிற்றுநரை மாற்றியிருப்பார்.

களிமண் என்பது பெயரளவில்தான். பாரிசின் ரோலண் காரோஸ் திடலில் கண்ணுக்குத் தெரியும் செந்நிறம், செங்கல்லை அரைத்துப் பெற்ற தூள். அது ஓரிரு மில்லிமீட்டர் கனத்திற்கே தூவப்பட்டிருக்கும். அதனடியில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல், நிலக்கரிக் கசடு, சரளைக்கல் எனப் பல அடுக்குகள் உள்ளன. இவ்வளவு மெல்லிய தூள் ஆட்டத்தையே மாற்றிவிடுவது வியப்புதான். பந்து தரையில் பட்டதும் உராய்வினால் வேகத்தை இழக்கிறது. ஆனால், உயரமாக எழும்புகிறது. கடினத் தரையில் எதிராளியைத் திணறடிக்கும் சர்வீஸ் இங்கே சற்று மெதுவாகவே வந்து சேரும். அதனைத் திருப்பி அடிக்க நேரம் கிடைக்கும். ஆகவே, ஒரே ஒரு புள்ளிக்காகப் பத்து, பதினைந்து முறை பந்தை அடிக்க வேண்டி வரலாம். கால்களும் வேறு விதமாக இயங்க வேண்டும். ஓடி நின்று அடித்துப் பழகியவர், இங்கே சறுக்கிக்கொண்டே சென்று அடிக்க வேண்டும்.

எல்லாக் களிமண் திடல்களும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. மட்ரிட் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் உள்ளதால், அங்குப் பந்து விரைந்து பறக்கும். 2012-இல் அந்நகரில் நீல நிறத் திடலை அமைத்தபோது, அது வழுக்குகிறது என்று நடாலும் ஜோகோவிச்சும் குறைகூறினர். மறு ஆண்டே செந்நிறம் திரும்பியது.

இத்தகைய மாற்றத்திற்கு ஆயத்தமாகும் வேளையில் பயிற்றுநரையும் ஏன் மாற்றுகின்றனர்? ஆண்டின் முதல் மூன்று மாத முடிவுகள் அப்போது கையில் இருக்கும். அவை திருப்தியளிக்காவிட்டால், புதிய தரையில் புதிய தொடக்கத்தை நாடுவது இயல்பு. இன்னொரு காரணமும் உண்டு. காற்பந்தில் பயிற்றுநரைக் குழு நிர்வாகம் நியமிக்கிறது. சரியாக ஆடாதவரை அவர் வெளியே உட்கார வைக்கலாம். டென்னிசிலோ பெரும்பாலும் நிலைமை தலைகீழ். பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பவரே விளையாட்டாளர்தான். தவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டியவர், தம் வேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

செர்பிய விளையாட்டாளர் நோவாக் ஜோகோவிச்சுக்கு மரியான் வாய்டா 2006 முதல் பயிற்சியளித்து வந்தார். 2016-இல் ஜோகோவிச் முதன்முறையாகப் பிரெஞ்சுப் பொதுவிருதை வென்றபோதும் அவர் உடனிருந்தார். அதன் பின் ஜோகோவிச்சின் ஆட்டம் சரிந்தது. 2017 மே மாதம், களிமண் பருவத்தின் நடுவிலேயே, வாய்டா உட்பட முழுப் பயிற்சிக் குழுவையும் அவர் பிரிந்தார். தமக்கு ஓர் அதிர்ச்சி வைத்தியம் தேவை எனக் கருதினார். பாரிசில் முன்னாள் வெற்றியாளர் ஆண்ட்ரே அகாசி அவருக்குத் துணை நின்றார். ஆயினும், காலிறுதியில் டோமினிக் தீமிடம் ஜோகோவிச் தோற்றார். கடைசிச் செட்டில் 0-6 எனச் சுருண்டார்.

பிறகு முழங்கைக் காயம் அவரைப் பல மாதங்கள் முடக்கியது. 2018 ஏப்ரலில், அகாசியைப் பிரிந்த பின், அவர் மீண்டும் வாய்டாவையே நாடினார். தாமே விலக்கியவரை மறுபடியும் அழைப்பது எளிதன்று. அந்த அழைப்பை ஏற்று வருவதும் எளிதன்று. வாய்டா வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. மான்டி கார்லோவில் தோல்வி. பார்சலோனாவில் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. பாரிசில் தரவரிசையில் 72-ஆம் இடத்திலிருந்த மார்கோ செக்கினாட்டோவிடம் தோல்வி. ஜோகோவிச் உலகத் தரவரிசையில் 22-ஆம் இடத்திற்கு இறங்கினார். ஆனால், ஜூலையில் விம்பிள்டனையும் செப்டம்பரில் அமெரிக்கப் பொதுவிருதையும் வென்று, ஆண்டிறுதியில் முதலிடத்தைப் பிடித்தார். பயிற்றுநர் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. முழங்கை குணமானதும் ஒரு காரணம்.

ஸ்பெயினின் ரஃபாயெல் நடால் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். சிறுவயது முதல் அவருக்குப் பயிற்சியளித்தவர் தந்தையின் சகோதரர் டோனி நடால். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பாரிசில் கிண்ணம் கைநழுவியது. 2016 இறுதியில், டோனியை நீக்காமலேயே, தம் மயோர்க்கா தீவைச் சேர்ந்த கார்லோஸ் மோயாவைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். மோயா, 1998-இல் பாரிசில் வாகை சூடியவர். 2017-இல் ஒரு செட்டைக்கூட இழக்காமல் நடால் பத்தாவது முறையாக அங்குக் கிண்ணத்தை வென்றார்.

2024 மார்ச் மாத இறுதியில், களிமண் பருவம் தொடங்கவிருந்த வேளையில், ஜோகோவிச் மீண்டும் ஒரு பயிற்றுநரைப் பிரிந்தார். இம்முறை பிரிந்தவர் கோரான் இவானிசெவிச். அவ்வாண்டு பிரெஞ்சுப் பொதுவிருதுக் காலிறுதிக்கு முன்பே முழங்கால் காயத்தால் ஜோகோவிச் விலக நேர்ந்தது. ஆனால், ஆகஸ்டு 4-ஆம் நாள், அதே ரோலண் காரோஸ் களிமண் திடலில், 37 வயதில் தம் முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை அவர் வென்றார்.