வீழ்ந்த சங்கத்தை எடுத்து நிறுத்திய பதின்மூவர்

கூட்டுறவுப் பத்திரிகையில் ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றுக்கு இடம் ஏன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் ஜெர்மனியில் கால்பந்துக் கழகம் என்பது ஒரு முதலாளியின் சொத்தாகத் தோன்றியதன்று. அது பதிவு செய்யப்பெற்ற ஒரு சங்கம். குறைந்தது 7 பேர் கூடி, விதிகளை வகுத்து, நீதிமன்றத்தில் பதிவு செய்தால் சங்கம் பிறந்துவிடும். அங்கத்தினர் சந்தா செலுத்துவர். மகாசபையில் கூடி நிர்வாகத்தைத் தீர்மானிப்பர். ஆளுக்கு ஒரு வாக்கு. நம் சங்கங்களில் உள்ள பங்குத் தொகையும் லாப ஈவும் அங்கே இல்லை. எனினும், "சங்கம் யாருடையது?" என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் விடை ஒன்றுதான். அங்கத்தினருடையது.

அத்தகைய ஒரு சங்கம் எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு கடனில் மூழ்கியது, எவ்வாறு மீண்டது என்பதை இங்கே சுருக்கமாகக் கூறுவோம். அது இருக்கும் ஊர் லைப்சிக். கைவினைஞர்களுக்குக் கூட்டுறவு வழி காட்டிய ஷூல்ஸ்-டெலிட்ச் பிறந்த டெலிட்ச் என்னும் சிற்றூர் இந்நகரத்திற்கு வடக்கே அருகில்தான் உள்ளது. அவர் 1849ல் அங்குள்ள செருப்புத் தைக்கும் தொழிலாளர்களைக் கொண்டு தோல் முதலிய பொருள்களை மொத்தமாக வாங்கும் சங்கத்தை அமைத்தார். சென்னை அரசாங்கத்தின் சார்பில் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895ல் அறிக்கை அளித்த பிரடெரிக் நிக்கல்சன், ரெய்ஃபைசனுடைய முறையோடு இவருடைய முறையையும் விரிவாக எடுத்துரைத்தார். ஆகவே அந்த வட்டாரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் 1900 ஜனவரி 28ந் தேதி லைப்சிக் நகரத்து உணவு விடுதி ஒன்றில் நிறுவப்பட்டது. 86 கழகங்கள் அதில் சேர்ந்தன. மூன்றாண்டுகளுக்குப் பின் 1903ல் நாடு தழுவிய முதற் போட்டி நடந்தபோது, இறுதியாட்டத்தில் பிராக் நகரக் கழகத்தை 7க்கு 2 என்ற கணக்கில் வென்று முதற் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது வி.எஃப்.பி. லைப்சிக் என்னும் கழகம். 1906லும் 1913லும் மீண்டும் அப்பட்டம் அதற்கே கிடைத்தது. 1922ல் புரோப்ஸ்ட்ஹைடா என்னும் புறநகர்ப் பகுதியில் தனக்கென ஒரு மைதானத்தை அமைத்துக்கொண்டது. அங்கே 1932ல் எழுப்பிய மரத்தாலான பார்வையாளர் மண்டபம் இக்கதையில் பின்னாலும் நமக்குத் தென்படும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பழைய சங்கங்கள் யாவும் நேச நாடுகளின் ஆணையால் கலைக்கப்பட்டன. லைப்சிக் நகரம் சோவியத் ஆதிக்கப் பகுதியில் இருந்தமையால் பழைய பெயரோடு சங்கத்தை மீண்டும் தொடங்க இயலவில்லை. கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டுகள் தொழில்வாரியாகப் பிரிக்கப்பட்டன. ரயில்வேத் தொழிலாளரின் அமைப்புக்கு "லோகோமோட்டிவ்", இரசாயனத் தொழிலாளரின் அமைப்புக்கு "கெமி", உழவுத் தொழிலாளரின் அமைப்புக்கு "டிராக்டர்" எனப் பெயர். நெசவு, தோல் முதலிய தொழிலாளருக்கு அமைந்த பெயர் "முன்னேற்றம்" என்று பொருள்படும் "ஃபோர்ட்ஷ்ரிட்" என்பதாகும். புரோப்ஸ்ட்ஹைடாக் கழகம் பல பெயர்களைத் தாங்கி, இறுதியில் 1966 ஜனவரியில் "முதலாம் லோகோமோட்டிவ் லைப்சிக் கால்பந்துக் கழகம்" ஆயிற்று.

அப்பெயரில் அது பெரும் புகழ் பெற்றது. 1976, 1981, 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் நாட்டுக் கோப்பையை வென்றது. 1987ல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் போட்டியின் அரையிறுதியில் பிரான்சு நாட்டு போர்தோ அணியை எதிர்த்தது. ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டி உதைகளால் தீர்மானிக்கும் நிலை வந்தபோது, கோல்காப்பாளர் ரெனே முல்லரே இறுதி உதையை உதைத்து வெற்றி தேடித் தந்தார். ஏதென்ஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அயாக்ஸ் அணியிடம் ஒரே கோலில் தோற்றது.

1990ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. அதுகாறும் அரசும் தொழிற்சாலைகளும் தாங்கி வந்த கழகங்கள், இனித் தம் வரவிலேயே தம் செலவை நடத்த வேண்டியவை ஆயின. 1991ல் கழகம் வி.எஃப்.பி. லைப்சிக் என்ற பழம் பெயரை மீண்டும் சூட்டிக்கொண்டது. 1993ல் நாட்டின் முதற் பிரிவிற்கும் உயர்ந்தது. அங்கே 34 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்று, கடைசி இடம் பெற்று, மறு ஆண்டே இறங்கியது. 1998ல் இரண்டாம் பிரிவையும் இழந்தது. பிரிவு இறங்கினால் வருவாய் உடனே சுருங்கும். உயர்ந்த காலத்தில் ஒப்புக்கொண்ட செலவு அவ்வளவு விரைவில் சுருங்காது. கழகம் ஒரு முறை நொடித்து எழுந்தது. 2004ல் இரண்டாம் முறையாக நொடித்தபோது எழ வழியில்லை. ஜெர்மனியின் முதற் சாம்பியன் கழகம் போட்டிகளிலிருந்து மறைந்தது.

நம் சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது இதே வரிசையை நாம் சிறிய அளவில் காண்கிறோம். நல்ல விற்பனைக் காலத்தில் கிடைத்த வரவை நிலையான வரவு என்று எண்ணி, சங்கம் செலவை ஏற்றுக்கொள்கிறது. விற்பனை குறைந்து, சரக்குத் தேங்கியபின், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கப்படுகிறது. வரவு செலவுக் கணக்கு மகாசபையில் வாசிக்கப்படும்; கேள்வி கேட்பார் இரார். கலைப்பு அதிகாரி வந்த பிறகே அங்கத்தினர் கூடுவர்.

லைப்சிக் ஆதரவாளர் சிலர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. பழைய சங்கம் உயிர் பிழைப்பது அரிது என்று கண்டு, 2003 டிசம்பர் 10ந் தேதி 13 பேர் கூடி லோகோமோட்டிவ் என்ற பெயரில் புதுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய முனைந்தனர். 2004ல் பழைய சங்கத்தின் இளைஞர் அணிகள் இதன்கீழ் வந்தன. ஆயினும் புதுச் சங்கத்திற்குப் பழைய சங்கத்தின் இடம் கிடைக்காது. விதிப்படி அடித்தட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது 11ஆம் நிலை. அக்கம்பக்கத்துச் சிற்றூர் அணிகள் ஆடும் பிரிவு அது.

அந்தப் பிரிவில் பொதுவாகச் சில பத்துப் பேரே ஆட்டம் காண வருவர். 2004 அக்டோபரில் லைப்சிக் மத்திய மைதானத்தில் ஓர் அண்டை ஊரின் இரண்டாம் அணியோடு இப்புதுச் சங்கம் ஆடியபோது 12,421 பேர் வந்திருந்தனர். உயர்ந்த ஆட்டத்தைக் காண அவர்கள் வரவில்லை. தம் சங்கம் இருக்கிறது என்பதை நேரில் நின்று அறிவிக்கவே வந்தனர். முதற் பருவத்திலேயே கழகம் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பின்னர் வேறொரு சிறு கழகத்தோடு இணைந்து சில படிகளைத் தாண்டி, 2008ல் ஐந்தாம் நிலைக்கும் 2012ல் நான்காம் நிலைக்கும் வந்தது. 2014ல் ஒரு படி இறங்கி, 2016ல் மீண்டும் ஏறியது.

இது முழுவதும் புகழ்ச்சிக்குரிய கதை என்று நாம் கூறவில்லை. 2007 பிப்ரவரியில் ஒரு கோப்பை ஆட்டத்தின் முடிவில் ஆதரவாளர் கூட்டமொன்று காவலரைத் தாக்கியது, பலர் காயமுற்றனர். மாநிலச் சங்கம் அடுத்த வார இறுதி ஆட்டங்களை நிறுத்தி வைத்தது. சங்கத்தின் மீதுள்ள பற்று, ஒழுங்கு இல்லாவிடில் சங்கத்திற்கே பகையாகிவிடும்.

2009ல் அதே நகரில் வேறொரு வழியும் தோன்றியது. ரெட் புல் என்னும் பான நிறுவனம் அண்டை ஊர்க் கழகம் ஒன்றின் ஐந்தாம் நிலை இடத்தைப் பெற்று, புதுக் கழகத்தை அமைத்தது. அது 2016ல் முதற் பிரிவை எட்டியது. அக்கழகத்தில் வாக்குரிமை உடைய அங்கத்தினர் மிகச் சிலரே. பெரும் பணம் விரைவில் உயர்த்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே மகாசபையில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை ஆயிரக்கணக்கான ஆதரவாளருக்கு இல்லை. எது சிறந்தது என்பதில் ஜெர்மானியரே இன்றும் வாதிடுகின்றனர்.

2020ல் கொரோனா நோய் பரவி ஆட்டங்கள் நின்றபோது, லோகோமோட்டிவ் கழகத்தின் வருவாயும் நின்றது. இம்முறை அங்கத்தினர் முன்னதாகவே விழித்துக்கொண்டனர். கண்ணுக்குப் புலப்படாத எதிரியோடு ஓர் ஆட்டம் என்று அறிவித்து, ஒரு யூரோ விலையில் நுழைவுச் சீட்டு விற்றனர். ஆட்டமும் இல்லை, எதிரணியும் இல்லை. 1,82,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்பனையாயின. அவ்வாண்டு கழகம் தன் நான்காம் நிலைப் பிரிவில் முதலிடம் பெற்றது. மேலே செல்லும் ஆட்டங்களில் வெர்ல் அணியுடன் இரு முறையும் சமனாகி, எதிரூரில் அடித்த கோல் கணக்கில் வாய்ப்பை இழந்தது. 2025ல் மீண்டும் முதலிடம் பெற்று, ஹாவெல்சே அணியிடம் தோற்றது. மரமண்டபத்தைத் தமதெனக் கருதும் ஆதரவாளர் இரு முறையும் ஏமாற்றமடைந்தனர். சங்கத்தை விட்டு விலகவில்லை.

நெசவாளரும் விவசாயிகளுமான நம் அங்கத்தினர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை மூன்று. சங்கத்தின் பழம்பெருமை கடன்காரருக்கு ஈடாகாது. நல்ல ஆண்டின் வரவை வைத்து நிலையான செலவை ஏற்கலாகாது. ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்த்தே ஆகவேண்டும். ஒரு யூரோவைப் போன்ற சிறு தொகையும், கேட்கும் நேரத்தில் எல்லோரும் கொடுத்தால், சங்கத்தைத் தாங்கும்.

வரும் மகாசபையில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, நிலுவைக் கடன் எவ்வளவு, தேங்கிய சரக்கு எவ்வளவு, காப்பு நிதி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையாவது ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்க வேண்டும். லைப்சிக் சங்கத்தை மீண்டும் அடித்தட்டிலிருந்து ஏற்ற 13 பேர் முன்வந்தனர். அக்கேள்விகளை உரிய காலத்தில் கேட்கும் 13 பேர் நம் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பின், வீழ்ந்தபின் எடுத்து நிறுத்தும் வேலை நமக்கு நேராது.