மூன்று சக்கர வண்டியின் உறுதி எங்கே இருக்கிறது?

பிழைப்பை நாடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து தங்கிய நம் தமிழ்க் குடும்பங்களுள், மூன்று சக்கர மிதிவண்டியை நம்பி அடுப்பெரியும் வீடுகளும் உண்டு. காய்கறியும் இளநீரும் தண்ணீர்க் குடங்களும் அதன்மேல் ஏறித்தான் தெருத் தெருவாகச் செல்கின்றன. அத்தகைய வீட்டில் ஒரு சக்கரம் கோணிவிட்டால் அன்றைய வரும்படி நின்றுபோகிறது. விற்காத சரக்கு வாடுகிறது. பழுது பார்க்கும் கூலி வேறு சேருகிறது. ஆகவே, வண்டி வாங்குவோர் பெட்டியின் அகலத்தையும் வர்ணத்தின் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னர், சக்கரம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஓட்டிய மாட்டு வண்டியின் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்று மூன்று உறுப்புகள் இருந்தன. சுமையானது அச்சிலிருந்து குடத்துக்கு இறங்கி, அடியிலுள்ள ஆரக்காலை அழுத்தும். மரக்கால் தூணைப் போல நின்று அதைத் தாங்கும். மிதிவண்டிச் சக்கரத்தின் வழி வேறு. கடைகளில் ஸ்போக்ஸ் என்று வழங்கும் ஆரக்கம்பி தூணாக நிற்க வல்லதன்று. விரலால் அழுத்தினாலே வளையும். ஆனால், 2 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல எஃகுக் கம்பியில் 200 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் அது அறாது. எனவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி, அந்த இழுவிசையின் பலத்திலேயே சக்கரத்தை நிறுத்துகின்றனர். சுமை ஏறும்பொழுது தரையை நோக்கியுள்ள கம்பிகளின் இழுவிசை சற்றே குறையும். அது முற்றிலும் தளர்ந்துவிடாத வரையில் சக்கரத்துக்குப் பயமில்லை.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தொழிலறிஞர் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக நிறுத்தாமல், ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லுமாறு சாய்த்துப் பின்னும் முறைக்கு 1874-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசை குடத்திலிருந்து ரிம்முக்குச் சிதையாமல் செல்ல இச்சாய்வு உதவுகிறது. இன்றும் நம் தெருவில் ஓடும் வண்டிகளில் காண்பது அந்தப் பின்னலே.

அப்படியானால் இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டிய சக்கரத்தையே மூன்று சக்கர வண்டிக்கும் பூட்டலாமே என்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் இடர் தொடங்குகிறது. மிதிவண்டி திரும்பும்பொழுது ஓட்டுபவரோடு சேர்ந்து உட்பக்கமாகச் சாய்கிறது. ஆதலால் பாரம் சக்கரத்தின் நெடுக்கிலேயே இறங்குகிறது. மூன்று சக்கர வண்டியோ சாய்வதில்லை. திருப்பத்தில் அதன் பாரம் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், பக்கத் தள்ளல் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். ஆளும் சரக்குமாக 200 கிலோ இருப்பின், 40 கிலோ விசை சக்கரங்களைக் குறுக்கே தள்ளுகிறது. வெளிப்புறச் சக்கரமே இதில் பெரும்பங்கைச் சுமக்கும். நெடுக்கு வாட்டத்தில் எவ்வளவோ தாங்கும் சக்கரம், குறுக்கு வாட்டத்தில் பலம் குறைந்ததேயாகும்.

இக்குறையை நீக்கும் வழிகள் நான்கு. முதலாவது, சக்கரம் சிறியதாயிருத்தல். 28 அங்குலச் சக்கரத்தைவிட 20 அங்குலச் சக்கரம் பக்கத் தள்ளலை நன்கு தாங்கும். இரண்டாவது, குடத்தின் இரு விளிம்புகளும் நன்கு அகன்று, ரிம் அவற்றின் நட்ட நடுவே அமைதல். கூடாரத்தின் கயிறுகளை அகலமாக நட்டால் கம்பம் உறுதியாய் நிற்பதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மூன்றாவது, கம்பிகளின் எண்ணிக்கையும் கனமும். நம் நாட்டுச் சாதாரண 28 அங்குல மிதிவண்டியில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள் என்பது நெடுநாளைய வழக்கம். பார வண்டிக்கு 14-ஆம் நம்பர் கம்பியைவிட 12-ஆம் நம்பர் கம்பி ஏற்றது; அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு பெரிது. ஆனால் குடத்தின் துளையும் அக்கனத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். பெரிய துளையில் மெல்லிய கம்பி ஆடும். ஆடும் கம்பி கழுத்தில் அறும். நான்காவது, கூடுமான இடங்களில் அச்சை இரு புறமும் தாங்குதல். ஒரு புறம் மட்டும் தாங்கிய அச்சு, பாரத்தால் வளையக்கூடும்.

இவை நான்கும் இருந்தும், கம்பிகளின் இழுவிசை சமமாக இல்லாவிடின் பயன் சிறிதே. கம்பி ஒரே பெரிய சுமையால் அறுவது அரிது. 28 அங்குலச் சக்கரம் 20 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 9,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீண்டும் இறுகும். இறுக்கமான கம்பி இதைப் பொறுக்கும். தளர்ந்த கம்பியோ கழுத்தில் நெளிந்து நெளிந்து, கையால் மாறி மாறி வளைத்த ஆணியைப் போல ஒரு நாள் முறிகிறது.

ஆகவே கோட்டம் எடுக்கும் தொழிலாளியின் கை நிதானமே சக்கரத்தின் ஆயுளாகும். நல்ல தொழிலாளி நிப்பிளின் மரையில் ஒரு துளி எண்ணெய் இடுவார். எல்லா நிப்பிள்களையும் சிறிது சிறிதாக, சுற்றுச் சுற்றாக முறுக்குவார். பிறகு கம்பிகளை விரலால் மீட்டிப் பார்ப்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சமமென்று பொருள். கடைசியில், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இணை இணையாகக் கையால் இறுகப் பிடித்து அழுத்துவார். கழுத்துகள் தத்தம் இடத்தில் நன்கு அமர்ந்தபின் மறுபடியும் கோட்டம் பார்ப்பார். இவ்வேலைக்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது சிக்கனமாகாது.

புதுச் சக்கரத்தை ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். கம்பிகள் சற்றே இளகியிருக்கும். பின்னர் மாதம் ஒரு முறை வீட்டிலேயே மீட்டிப் பார்க்கலாம்; இதைப் பிள்ளைகளும் செய்யலாம். ஒரு கம்பி அறுந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். அதன் பங்கைப் பக்கத்துக் கம்பிகள் சுமந்து கொண்டிருக்கின்றன. அடுத்தடுத்துப் பல கம்பிகள் அறுந்தாலோ, மற்றவையும் அதே அளவு களைத்துவிட்டன என்று உணர்ந்து, அனைத்தையும் புதிதாகக் கட்டுவதே நலம்.

தமிழ்நாட்டில் 1973-இல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டபொழுது, மனிதனை மனிதன் இழுக்கும் இழிவை நீக்க உதவியது மூன்று சக்கர வண்டியே. 1972-இல் நிறுவப்பெற்ற கான்பூர் அலிம்கோ நிறுவனம், கால் இயங்காதவர்களுக்கென்று கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிகளைச் செய்து வருகிறது. அவ்வண்டியில் அமர்ந்தவருக்குச் சக்கரமே கால். நடுவழியில் கம்பி அறுந்தால் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வர இயலாது. நம் வீடுகளில் அத்தகைய வண்டி இருக்குமாயின், அதன் சக்கரத்தை மீட்டிப் பார்ப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

வண்டி வாங்கக் கடன்படும் அன்பர்கள், அக்கடனில் ஒரு சிறு பகுதியை நல்ல கம்பிக்கும் நல்ல கைக்கும் ஒதுக்குவாராக. பெட்டி பழசானால் ஒட்டுப்போடலாம்; வர்ணம் போனால் பூசலாம். சரக்கோடு நடுத்தெருவில் கோணிய சக்கரம் அன்றைய சோற்றையும் சேர்த்தல்லவா கவிழ்த்துவிடுகிறது?