எதிரணிக்கும் தெரிந்த திட்டம்: சாரி மீது செல்சி விசிறிகள் கொண்ட கோபம் நியாயமா?

காற்பந்து விசிறிகளுக்கு எப்போது அதிகமாகக் கோபம் வரும்? தங்கள் குழு தோற்கும்போது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், போராடித் தோற்ற குழுவைக் கைதட்டி வழியனுப்பும் விசிறிகளை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். திடலில் அடுத்து என்ன நடக்கும் என்பது விசிறிக்குத் தெரிகிறது, எதிரணிக்கும் தெரிகிறது, அப்படியிருந்தும் பயிற்றுநர் தம் திட்டத்தை மாற்ற மறுக்கிறார். அந்த நிலை வரும்போதுதான் பொறுமை எல்லை மீறுகிறது.

இங்கிலாந்தின் செல்சி குழுவில் 2018-2019 பருவத்தில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் செல்சிக்கு விசிறிகள் ஏராளம். நள்ளிரவு தாண்டி மாமாக் கடைகளில் தே தாரிக் குவளையோடு அமர்ந்து அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பருவம் மறந்திருக்காது. பயிற்றுநர் மௌரிசியோ சாரி ஒரு பிடிவாதக்காரர் என்றனர் ஒரு சாரார். அவருக்குக் கால அவகாசம் கொடுங்கள் என்றனர் மறு சாரார். யார் சொன்னது சரி? சற்று விரிவாகவே அலசலாம், நேயர்களே.

யார் இந்த சாரி?

1959ஆம் ஆண்டு இத்தாலியின் நேப்பல்ஸ் நகரில் பிறந்தவர் சாரி. புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநர் ஆனவர் அல்லர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சிறிய குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கீழ்நிலை லீக்குகளில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தார். 2014இல் எம்போலி குழுவை இத்தாலியின் முதல்நிலை லீக்குக்குக் கொண்டு வந்தார். 2015இல் நாப்போலி குழுவின் பொறுப்பை ஏற்றார்.

அங்குதான் அவருடைய ஆட்டமுறை உலகின் கவனத்தைப் பெற்றது. 2017-2018 பருவத்தில் நாப்போலி 91 புள்ளிகள் எடுத்தது. யுவெந்துஸ் 95 புள்ளிகளுடன் கிண்ணத்தைத் தட்டிச் சென்றாலும், நாப்போலியின் ஆட்டத்தையே பலரும் பேசினார்கள். 'சாரிஸ்மோ' என்ற புதிய சொல்லே இத்தாலியில் உருவானது. அந்தப் புகழுடன்தான் 2018 ஜூலையில் அவர் செல்சிக்கு வந்தார். நாப்போலியில் தம் வலக்கையாக விளங்கிய ஜோர்ஜினியோவையும் உடன் அழைத்து வந்தார்.

திட்டம் எப்படி இயங்கியது?

சாரியின் அணிவகுப்பு 4-3-3. தற்காப்பில் நால்வர், மத்தியத் திடலில் மூவர், முன்னணியில் மூவர். மத்தியத் திடலின் நடுவில் சற்றுப் பின்தங்கி நிற்பவர் ஜோர்ஜினியோ. கோல் காவலரிடமிருந்தோ தற்காப்பு ஆட்டக்காரரிடமிருந்தோ வரும் பந்து பெரும்பாலும் அவர் காலுக்குத்தான் முதலில் போகும். அவர் பந்தை வைத்திருக்க மாட்டார். ஒரு தொடுதல், இரண்டு தொடுதல், உடனே அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்.

குறுகிய தூரத்துக்குப் பந்தை வேகவேகமாக அனுப்பி, எதிரணியை ஒரு பக்கமாக இழுத்து, திறக்கும் இடைவெளியில் பாய்வதுதான் இதன் நோக்கம். வேகம் இருந்தால் இது பார்ப்பதற்கு மிக அழகான ஆட்டம். வேகம் குறைந்தால் பந்து பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருக்கும். கோல் பகுதிக்குள் நுழையாது.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. முதல் 12 பிரிமியர் லீக் ஆட்டங்களில் செல்சி தோல்வியே காணவில்லை. லீக்குக்குப் புதிதாக வந்த பயிற்றுநர் ஒருவருக்கு அது சாதனை.

பூட்டு விழுந்த நாள்

2018 நவம்பர் 24ஆம் தேதி வெம்பிளி அரங்கில் டோட்டன்ஹாம் குழுவைச் சந்தித்தது செல்சி. டோட்டன்ஹாமின் டெலே அலிக்கு ஒரு தனிக் கடமை இருந்தது. ஜோர்ஜினியோவைத் திரும்பவிடாமல் நெருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே வாசல் உள்ள குடியிருப்பில் அந்த வாசலை அடைத்துவிட்டால் எந்த வண்டியும் வெளியே வர முடியாது அல்லவா? அதுபோலச் செல்சியின் ஆட்டம் முடங்கியது. 3-1 என்ற தோல்வியில், சோன் ஹியுங் மின் ஜோர்ஜினியோவை ஓட்டத்தில் முந்தி, டேவிட் லூயிசையும் கடந்து போட்ட கோல் பலவீனத்தை வெட்டவெளிச்சமாக்கியது.

அதன்பின் மற்றக் குழுக்களும் இந்த வழியைப் பின்பற்றத் தொடங்கின. 2019 ஜனவரி 19ஆம் தேதி ஆர்சனலின் ஆரன் ராம்சி அதே வேலையைச் செய்தார். ஆர்சனல் 2-0 என வென்றது. ஆட்டத்துக்குப் பிறகு சாரி, தம் ஆட்டக்காரர்களை ஊக்கப்படுத்துவது மிகக் கடினமாக உள்ளது என்று வெளிப்படையாகவே குறைகூறினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி அன்று பல விசிறிகளின் நினைவுக்கு வந்திருக்கும்.

விசிறிகள் சொன்ன மூன்று குறைகள்

முதல் குறை, எங்கோலோ கான்டேயைப் பற்றியது. 2016இல் லெஸ்டர் சிட்டியுடனும் 2017இல் செல்சியுடனும் லீக் கிண்ணம், 2018இல் பிரான்சுடன் உலகக் கிண்ணம் வென்றவர் அவர். எதிரணியின் பந்தைப் பறிப்பதில் அவருக்கு நிகர் சிலரே. அப்படிப்பட்டவரைச் சாரி மத்தியத் திடலின் வலப்பக்கம் முன்னேறி ஆட வைத்தார். நடுவில் ஜோர்ஜினியோ தனித்து நின்றார். பந்து பறிபோனால் தற்காப்புக்கு முன்னால் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது குறை, மாற்று ஆட்டக்காரர்கள். கோவாசிச் தொடங்கினால் பார்க்லி உள்ளே வருவார், பார்க்லி தொடங்கினால் கோவாசிச் வருவார். பல வாரங்களாக இதே கதை. கடிகாரத்தைப் பார்த்தே அடுத்த மாற்றத்தைச் சொல்லிவிடலாம் என்று விசிறிகள் கேலி பேசினர்.

மூன்றாவது குறை, இளையர்களுக்கு வாய்ப்பில்லை என்பது. செல்சியின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த கேலம் ஹட்சன்-ஒடோயைப் பெற ஜனவரியில் பயர்ன் மியூனிக் குழு முயன்றது. மார்ச் மாதம் அவர் இங்கிலாந்து தேசியக் குழுவுக்கே ஆடிவிட்டார். ஆனால், செல்சியின் லீக் ஆட்டம் ஒன்றில் தொடக்கத்திலிருந்து ஆடும் வாய்ப்பு ஏப்ரல் 3ஆம் தேதிதான் கிடைத்தது. அன்று பிரைட்டனை 3-0 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோலுக்கு அவர் வழியமைத்தார்.

கொதித்த பிப்ரவரி

ஜனவரி 30ஆம் தேதி போர்ன்மௌத்திடம் 0-4. பிப்ரவரி 10ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டியிடம் 0-6. அந்த ஆட்டத்தில் 25 நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் விழுந்துவிட்டன. 1991க்குப் பிறகு செல்சி கண்ட மிக மோசமான தோல்வி அது. எட்டு நாள் கழித்து எஃப்ஏ கிண்ணத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த அரங்கில் 0-2. அன்று செல்சி விசிறிகளே சாரியின் ஆட்டமுறையை இழித்துக் கோஷமிட்டனர். கோல் தேவைப்பட்ட நேரத்தில் தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பதில் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர் உள்ளே வந்தபோது, செய்வது என்னவென்று தெரியாமல் செய்கிறீர்கள் என்று பாடியது அரங்கம்.

விசிறிகளின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்திய பயிற்றுநர் அந்தோனியோ கோன்டே 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-3 எனத் தோற்றதும், தம் அணிவகுப்பையே 3-4-3க்கு மாற்றினார். அடுத்தடுத்து 13 லீக் ஆட்டங்களில் வென்று, அந்தப் பருவக் கிண்ணத்தையும் கைப்பற்றினார். தவறு தெரிந்தவுடன் திருத்திக்கொண்ட ஒருவரை அவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். ஆகவே, ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி ஒன்றும் அறியாதவர்களின் கூச்சல் அன்று.

சாரி தரப்பு நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை நடுவில் பொறுப்பேற்றவருக்கு ஆகஸ்டில் பருவம் தொடங்கிவிட்டது. உலகக் கிண்ணத்தில் ஆடிய முக்கிய ஆட்டக்காரர்கள் தாமதமாகவே திரும்பினார்கள். வியாழக்கிழமை யூரோப்பா லீக், ஞாயிற்றுக்கிழமை பிரிமியர் லீக் என்று ஓடும் குழுவுக்கு, இடையில் பயிற்சிக்குக் கிடைக்கும் நாள்கள் சொற்பம். சாரியின் ஆட்டமுறையோ ஒவ்வொரு நகர்வையும் திரும்பத் திரும்பப் பழகினால்தான் கைகூடும்.

இன்னொன்று, எதிரணிக்குத் தெரிந்த திட்டம் என்பதாலேயே அது தவறான திட்டம் ஆகிவிடாது. நாப்போலி எப்படி ஆடும் என்பது இத்தாலியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் 91 புள்ளிகள் வந்தன. வேகமும் துல்லியமும் இருந்தால், தெரிந்தும் தடுக்க முடியாது.

பருவத்தின் முடிவும் சாரிக்குச் சாதகமே. 72 புள்ளிகளுடன் லீக்கில் மூன்றாம் இடம். மே 29ஆம் தேதி பாக்கு நகரில் ஆர்சனலை 4-1 என வீழ்த்தி யூரோப்பா லீக் கிண்ணம். அது சாரி வென்ற முதல் பெரிய கிண்ணம். பின்னர் அவர் யுவெந்துஸ் சென்று, 2019-2020 பருவத்தில் இத்தாலிய லீக்கையும் வென்றார்.

எது நியாயமான குறைகூறல்?

இங்கே கவனிக்க வேண்டிய ஆட்டம் பிப்ரவரி 24ஆம் தேதி நடந்த லீக் கிண்ண இறுதியாட்டம். ஆறு கோல் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதே மான்செஸ்டர் சிட்டி. ஆனால், அன்று செல்சி பின்னால் நெருக்கமாக நின்று தடுத்தது, வாய்ப்பு வந்தபோது மட்டும் பாய்ந்தது. 120 நிமிடம் சிட்டியால் ஒரு கோலும் போட முடியவில்லை. பெனால்டியில்தான் செல்சி தோற்றது. கோல் காவலர் கெப்பா வெளியேற மறுத்த சம்பவமே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் விசிறிகள் மாதக்கணக்கில் கேட்ட மாற்றத்தை அந்த ஆட்டத்தில் சாரி செய்து காட்டினார் என்பதே முக்கியம். மாற்ற முடியும் என்பதும், மாற்றினால் பலன் உண்டு என்பதும் அன்று தெளிவாயின.

ஆக, திட்டத்தின் மீது வைத்த குறை நியாயமானது. ஆனால் ஒரு மனிதர் மீது சுமத்திய பழி நியாயமானதா? அந்தப் பருவ லீக்கில் ஒரு கோலுக்குக்கூட வழியமைக்கவில்லை என்று சொல்லி ஜோர்ஜினியோவைக் குறைகூறாதவர் இல்லை. பயிற்றுநரின் செல்லப்பிள்ளை என்ற பெயரும் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது? பயிற்றுநர் தோமஸ் துக்கல் ஜோர்ஜினியோவையும் கான்டேயையும் மத்தியத் திடலில் அருகருகே நிறுத்தினார். 2021 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று செல்சி ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை ஏந்தியது. ஜூலையில் இத்தாலியுடன் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்ற ஜோர்ஜினியோ, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராக ஐரோப்பியக் காற்பந்துச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆட்டக்காரர் அதே ஆள்தான். அவரை நிறுத்திய இடமும், பக்கத்தில் நின்ற துணையும்தான் மாறின.

விசிறிகளுக்குக் குறைகூறும் உரிமை உண்டு. நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுப்பவர்களும் தூக்கம் கெட்டுப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது, இன்னாரைத் தூக்குங்கள் என்பதோடு நின்றுவிடாமல், எந்த இடத்தில் ஓட்டை, எப்படி அடைக்கலாம் என்று கேட்டால் அந்தக் குரலுக்கு மதிப்பு கூடும். அன்று கான்டேயை நடுவுக்குக் கொண்டு வாருங்கள் என்று கேட்டவர்களின் கருத்தை, அடுத்து வந்த ஒரு பயிற்றுநரின் வெற்றி மெய்ப்பித்தது. ஜோர்ஜினியோவைத் துரத்துங்கள் என்றவர்களின் கருத்தையோ அதே வெற்றி பொய்யாக்கியது. அடுத்த முறை உங்கள் குழு தோற்று, மாமாக் கடையில் வாக்குவாதம் சூடுபிடிக்கும்போது இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள், நேயர்களே.