ஐம்பது வயதில் ஓடத் தொடங்கலாமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களுக்கு,

உங்கள் ஜெபத்தினாலும் உதாரத்துவமான காணிக்கைகளினாலும் கூடலூரில் நம் மருத்துவமனை ஊழியம் தடையின்றி நடந்துவருகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

இம்முறை வார்டு செய்திகளோடு நிறுத்தாமல், வெளிநோயாளர் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியைப்பற்றி எழுத விரும்புகிறோம். "டாக்டர், இந்த வயதில் நான் ஓடலாமா?" நாற்பதைக் கடந்த ஆசிரியர்களும் கடைக்காரர்களும் எஸ்டேட் அலுவலக ஊழியர்களும் இப்படிக் கேட்கிறார்கள். எங்களிடம் இதை முதலில் கேட்டவர் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் ஒருவர்.

அவருக்கு வயது 47. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு நடுவட்டம் வழியாக ஊட்டிக்கும், நாடுகாணி வழியாகக் கோழிக்கோட்டுக்கும் இரவு பகல் பாராமல் கொண்டை ஊசி வளைவுகளில் போய் வருகிறவர். மலையில் வாழ்ந்தாலும் அவருடைய நாள் முழுவதும் உட்கார்ந்தபடியே கழிகிறது. ஊழியர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அவருடைய தகப்பனார் இதே வியாதியினால் ஒரு காலை இழந்தவர். ஆகவே செய்தியைக் கேட்டதும் மனிதர் இடிந்துபோனார். ஒரு வாரம் கழித்து வந்து, "ஐயா, கோயம்புத்தூர் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறேன். முடியுமா?" என்றார். 2013-ஆம் ஆண்டு தொடங்கி, புற்றுநோயாளிகளுக்கு உதவும் நோக்கத்தோடு நடத்தப்பட்டுவரும் ஓட்டம் அது. நோயாளிகளைக் கோவைக்குக் கொண்டுபோனபோது அதைப்பற்றி அறிந்துகொண்டாராம்.

அவர் ஆசைப்பட்டது புதுமையான காரியமல்ல. 1960-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், இருதய வியாதிக்குத் தப்பியவர்களையும் நடுவயதினரையும் மெல்ல ஓடப் பழக்கினார். அக்காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் வைப்பதே வழக்கம். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனபோது, தம்மைவிட மிகவும் வயதான ஒருவரோடு சேர்ந்து ஓட முடியாமல் மூச்சு வாங்கினார். ஊர் திரும்பியவர் ஓர் இருதய மருத்துவரோடு சேர்ந்து எழுதிய சிறு புத்தகம், மெல்லோட்டத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது.

நம் தேசத்திலும் சாட்சிகள் உண்டு. பஞ்சாபில் பிறந்த பவ்ஜா சிங், 1994-இல் தம் கண்முன்னே மகனை விபத்தில் பறிகொடுத்தபின், அந்தத் துக்கத்திலிருந்து மீள ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை ஓடியபோது அவருக்கு 89 வயது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் அறநிறுவனத்துக்காக ஓடினார். 2011-இல் டொராண்டோவில் 42 கிலோமீட்டரை முடித்தபோது, கடவுச்சீட்டின்படி வயது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்கவில்லை. அவர் 2025 ஜூலையில் சாலை விபத்தில் காலமானார். தமிழ்நாட்டில் முன்னாள் சென்னை மேயர் மா. சுப்பிரமணியன், சர்க்கரை வியாதியும் விபத்தில் பட்ட காயமும் இருந்தும், ஐம்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

ஓட்டத்தினால் சரீரத்தில் என்ன நடக்கிறது? சாதாரணமாக இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் வேண்டும். அது கதவைத் திறக்கும் சாவி போன்றது. இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதியில் சாவி இருந்தும் பூட்டு இறுகிப்போகிறது. தசைகள் வேலை செய்யும்போதோ, இன்சுலின் உதவியில்லாமலே வேறு வழியில் கதவு திறக்கிறது. ஓடி முடித்தபின்னும் ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ பூட்டு இளகியே இருக்கும். ஆகவே ஞாயிறன்று ஒரேயடியாக ஓடுவதைவிட, இரண்டு நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் ஓடுவது மேல். இரத்த அழுத்தம் குறைவதும், நல்ல தூக்கம் வருவதும், மனச்சோர்வு தணிவதும் கூடுதல் நன்மைகள்.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களை 1984 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டுகளுக்குப்பின் ஓடியவர்களில் நூற்றுக்கு 15 பேரும், ஓடாதவர்களில் நூற்றுக்கு 34 பேரும் மரித்திருந்தார்கள். ஓடுகிறவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாய் இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் முழங்கால் தேய்ந்துபோகும் என்ற பயம் மெய்யாகவில்லை என்பது அந்த ஆய்விலிருந்து தெரிகிறது.

நம் ஓட்டுநருக்கு நாங்கள் சொன்ன முறை இது. முதல் நான்கு வாரம் வேகமான நடை மட்டும், தினம் அரைமணி நேரம். அதன்பின் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சில வாரங்களில் இருதயமும் நுரையீரலும் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதக்கணக்காகும். "மூச்சு வாங்கவில்லையே" என்று ஆரம்பத்திலேயே தூரத்தைக் கூட்டுகிறவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருவது இதனால்தான்.

அவரும் வந்தார். ஆறாவது வாரத்தில் உற்சாகமிகுதியால் இறக்கத்தில் வேகமாக ஓடி, முழங்கால் வீங்கிவிட்டது. குற்றம் அவருடையது மட்டுமல்ல. கூடலூரில் சமதளமான சாலை அரிது என்பதை நாங்கள் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். ஏற்றத்தில் ஓடினால் மூச்சு வாங்குமேயன்றி மூட்டுக்குப் பெரிய கேடில்லை. இறக்கத்தில்தான் ஒவ்வோர் அடியிலும் தொடையும் முழங்காலும் சரீரத்தின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் நடங்கள், பள்ளி மைதானத்தில் ஓடுங்கள் என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறோம்.

இந்த மலைக்கென்றே இன்னும் சில எச்சரிப்புகள் உண்டு. சமவெளியில் விடியுமுன் ஓடுவது நல்லது என்பார்கள். இங்கே அது கூடாது. பனிமூட்டத்தில் யானை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. நன்றாக வெளுத்தபின், இருவர் மூவராகச் சேர்ந்து, காட்டோரத்தை விட்டு விலகி ஓட வேண்டும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை படிக்கட்டு ஏறி இறங்குவதே போதுமான பயிற்சி. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் அட்டை கடித்தாலும் முள் தைத்தாலும் தெரியாது. ஓடி வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். கைநடுக்கம், வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே நின்று அதை வாயில் போடுங்கள். மார்பில் இறுக்கமோ, இடது கையிலும் தாடையிலும் பரவும் வலியோ வந்தால், அடுத்த வீட்டுக்காரரையாவது கூப்பிட்டு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

எங்கள் பாரம் இன்னொரு காரியத்திலும் இருக்கிறது. 1952-இல் இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் இரத்தக் குறை கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடத்தில்தான். இன்றும் பணியர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து இந்த வியாதியோடு வருகிறவர்களுக்கு மருத்துவம் தேவைப்படுகிறது. இதற்கான தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையைப் பெற்றவர்களுக்கு, குளிரும், தண்ணீர் குறைவும், அளவுக்கு மிஞ்சிய உழைப்பும் கடுமையான வலியைக் கொண்டுவரும். அவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஓடக்கூடாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் பெரும்பாலும் சுகமாகவே வாழ்வார்கள். தங்களுக்கு இது இருப்பதையே அறியாதவர்களும் உண்டு. காவலர் தேர்வுக்காக 1500 மீட்டர் ஓட்டம் பழகும் பழங்குடி வாலிபர்களில் இவர்களும் இருக்கலாம். இவர்கள் ஓடத் தடையில்லை. ஆனால் பழக்கமின்றி முழு வேகத்தில் தொடர்ந்து ஓடினால், தசைகள் சோர்ந்து, அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகப் பழகுவதும், இடையிடையே தண்ணீர் குடிப்பதும், கால் கனத்தவுடன் நிற்பதும் அவர்களைக் காக்கும். ஒரு துளி இரத்தப் பரிசோதனை இதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

நாங்கள் எல்லாரையும் ஓடச் சொல்வதுமில்லை. தேயிலைச் சரிவில் காலை முதல் கொழுந்து பறித்து, மூட்டை சுமந்து இறங்கும் சகோதரிக்கு ஓட்டம் தேவையில்லை. அவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், வயிறார உணவும், சற்று இளைப்பாறுதலும் வேண்டும். இலக்கு அவரவர் சரீரத்துக்கும் அழைப்புக்கும் ஏற்றதாய் இருக்கட்டும்.

பரிசுத்த பவுல் கொரிந்து சபைக்குப் பந்தயத்தைப்பற்றி எழுதினார். அந்தப் பட்டணத்துக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒரு முறை ஓட்டப் பந்தயங்கள் நடந்தன. வென்றவருக்குக் கிடைத்தது சீக்கிரத்தில் வாடிப்போகும் ஓர் இலைக் கிரீடம். அதற்காகவே அவர்கள் மாதக்கணக்கில் இச்சையடக்கமாய் இருந்ததை அந்த விசுவாசிகள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். ஆகவே அப்போஸ்தலன் சொன்னது அவர்களுக்கு உடனே விளங்கியது. அழியாததை நாடும் நாம், ஆவியானவருடைய ஆலயமாகிய இந்தச் சரீரத்தைக் குறித்து எவ்வளவு கவனமாய் இருக்க வேண்டும்!

நம் ஓட்டுநர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முழங்கால் ஆறியபின் மறுபடியும் நடையிலிருந்தே தொடங்கினார். இப்போது நிற்காமல் அரைமணி நேரம் ஓடுகிறார். மாத்திரை நின்றுபோகவில்லை, ஆனால் அளவு குறைந்திருக்கிறது. பத்து கிலோமீட்டர் இன்னும் ஓடவில்லை. "அவசரமில்லை ஐயா, அப்பாவுக்கு இல்லாத இரண்டு காலும் எனக்கு இருக்கிறதே" என்று போன வாரம் சொன்னார். நாங்கள் ஒன்றும் பேசாமல் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

அன்பானவர்களே, சர்க்கரை நோயாளிகளுக்கான பாதுகாப்புக் காலணிகளுக்காகவும், குடியிருப்புகளில் நடைபெறும் இரத்தப் பரிசோதனைகளுக்காகவும், மழைக்காலத்தில் மலைச்சாலைகளில் செல்லும் நம் ஓட்டுநர்களின் பாதுகாப்புக்காகவும் ஜெபியுங்கள். ஏவப்படுகிறவர்கள் காணிக்கையினால் தாங்குங்கள். நீங்களும் உங்கள் இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் இந்த மாதமே பார்த்துவிட்டு, நாளைக் காலையில் வாசலைத் தாண்டி அரைமணி நேரம் நடக்கத் தொடங்குங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள், கூடலூர்